நான்காவது வாஷர்

பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையின் இரண்டாவது கேட்டுக்கு எதிரே, தூங்குமூஞ்சி மரத்தடியில், ஒரு பிக்கப் வண்டி நிற்கும் அளவுக்கு இடம் இருக்கிறது. அது என் இடம். பட்டா கேட்காதீர்கள், கிடையாது. முதல் ஷிஃப்ட் ஆட்கள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது என் நீல வண்டி அங்கே நிற்கும், அதன் பின்பக்கத்தில் இட்லி ஆவி பறக்கும். அந்த இடத்துக்கு என்னிடம் இருக்கும் அத்தாட்சி அவ்வளவுதான்.

அந்தச் சாலையில் டிபன் விற்கிற எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஒருவருடைய வண்டி இரண்டு நாள் வராவிட்டால் அவர் இடத்தை யாரும் தொடமாட்டார்கள். காய்ச்சல் வரும், ஊரில் சாவு விழும், மனிதர்கள்தானே. மூன்றாவது நாள் காலையிலும் இடம் காலியாக இருந்தால், முதலில் வந்து நிற்கிறவருக்கு அது போய்விடும். அப்புறம் அழுதாலும் புரண்டாலும் கிடைக்காது. எனக்கும் அந்த இடம் அப்படித்தான் வந்தது, அதனால் கட்டுப்பாட்டைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

வண்டி இல்லாவிட்டால் என்ன, அண்டாவைத் தரையில் வைத்து விற்கலாமே என்று தோன்றும். கேட்டில் காவல் நிற்கும் ரங்கப்பா விடமாட்டார். சக்கரத்தின் மேல் இருப்பது வந்துவிட்டுப் போவது, தரையில் வைத்தால் அது கடை என்பது அவருடைய சட்டம். மீசையை நீவிக்கொண்டே சொல்வார். அந்த மீசையோடு வாதாடி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை.

மரத்துக்கு அப்பால், சாக்கடை ஓரத்தில், சண்முகம் நிற்பார். சேலத்துக்காரர். புதிய பேட்டரி வண்டி வைத்திருக்கிறார், சத்தமும் கிடையாது, புகையும் கிடையாது. சாக்கடை நாற்றத்தில் யாருக்குப் பொங்கல் இறங்கும்? அவருக்கு என் மரத்தடிமேல் ஒரு கண் இருந்தது. ஆனால் நல்ல மனிதர். எனக்குச் சில்லறை தீர்ந்தால் கொடுப்பார், மழை வந்தால் என் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடிப்பார். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டி மனதை ஆற்றிக்கொள்ளலாம். நல்லவரோடு என்ன செய்வது?

என் வண்டி பழசு. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஆனபின் வெள்ளையாகப் புகை கக்கும், மேட்டில் ஏறும்போது உள்ளே யாரோ உரல் இடிப்பதுபோல் சத்தம் போடும். சாம்பாரில் இன்றைக்கு டீசல் கொஞ்சம் தூக்கல் என்று வரிசையில் நிற்கும் பையன்கள் கிண்டல் செய்வார்கள். நானும் சிரித்துவைப்பேன். ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், ஹெப்பகோடியில் எங்கள் வீட்டு வாசலில், இட்லி அண்டாக்களை ஏற்றியபின் அது ஸ்டார்ட் ஆகவே இல்லை. பேட்டரி தீரும்வரை முயன்றேன். என் கணவர் சுப்ரமணியன் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, தள்ளிப் பார்த்துத் திண்டாடினார், கடைசியில் அத்தனை இட்லியையும் அக்கம்பக்கத்தில் கொடுத்தோம். அவர் கோபப்படவே மாட்டார். அவர் பங்குக் கோபத்தையும் சேர்த்து நான்தான் படவேண்டியிருக்கிறது.

என்னிடம் சாப்பிடும் ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர் சொன்ன பெயர் க்ளென். டீசல் வண்டி என்றால் அவர்தான், ஆனால் கொஞ்சம் அலட்டல் பேர்வழி என்றும் சொல்லியிருந்தார். பொம்மனஹள்ளியில் ஒரு சந்துக்குள் அவருடைய ஷெட். வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனோம்.

கொஞ்சம் இல்லை, நிறையவே அலட்டல். வாசலில் பெரிய போர்டு, அதில் கறுப்புக் கண்ணாடி போட்டு அவருடைய படம், கீழே ‘ஒருமுறை வந்தால் மறுமுறை வரவேண்டாம்’ என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதியிருந்தது. பெருமையா சாபமா என்று எனக்குப் புரியவில்லை. ஆள் வெள்ளை டி-ஷர்ட் போட்டிருந்தார். வெள்ளை டி-ஷர்ட் போட்ட மெக்கானிக்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தலையில் ஜெல், கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி, பக்கத்தில் வந்தால் சென்ட் வாசனை. வண்டியைத் தொடுவதற்கு முன் கையை சோப்புப் போட்டுக் கழுவினார். தொட்டபின் மறுபடி கழுவினார். ஒரு பைப்பைக் கழற்றினார், மறுபடி போய்க் குழாயைத் திறந்தார். எங்கள் தெருவில் தண்ணீர் லாரிக்கு நாய்படாத பாடு படுகிறோம், இந்த ஆள் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். வேலைக்கு வந்தாரா குளிக்க வந்தாரா என்று கேட்டேவிட்டேன். சிரித்துவிட்டு இன்னொரு தடவை கழுவினார்.

நான்கு இன்ஜெக்டரும் போய்விட்டது என்றார். இன்ஜெக்டர் என்பது விரல் பருமனில் ஓர் இரும்புக் குழல். இன்ஜின் தலையில் நான்கு ஆழமான குழிகள், குழிக்கு ஒன்றாக நான்கும் உட்கார்ந்திருக்கும். டீசலைப் பனிபோல் தெளிப்பது அவற்றின் வேலை. என்னுடையவை தெளிக்கவில்லை, ஒழுகின. தோசைக்கல்லில் எண்ணெயைத் தெளிக்காமல் கொட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அதனால் அவர் விளக்கவேண்டியிருக்கவில்லை. மாற்ற ஒன்றரை நாள் என்றார். புதன்கிழமை சாயங்காலம் வண்டி கைக்கு வந்தால் வியாழக்கிழமை, அதாவது மூன்றாவது காலை, மரத்தடியில் நின்றுவிடலாம். என் இடத்தின் கதையை அவரிடம் முழுவதும் சொன்னேன். புரிந்ததா என்று கேட்டேன். கைகழுவிக்கொண்டே தலையாட்டினார்.

மூன்று இன்ஜெக்டர் சமர்த்தாக வந்தன. மூன்றாவது குழியில் இருந்தது மட்டும் அசையவில்லை. பல வருஷக் கரி அதைச் சுற்றிச் சிமெண்டுபோல் இறுகிக் கிடந்தது. அவர் குழியில் ஏதோ எண்ணெயை விட்டார், காத்திருந்தார், ஸ்பானரால் மயிரிழை அளவுக்குத் திருப்பினார், மறுபடி எண்ணெய் விட்டார். செவ்வாய் போயிற்று. புதன்கிழமை காலையிலும் அதேதான். என் மரத்தடி இரண்டாவது நாளாகக் காலி. சுத்தியலால் ரெண்டு போட்டால் தானாக வரும் என்று கத்தினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அக்கா, இட்லி தட்டுல ஒட்டிக்கிச்சுன்னா நீங்க சுத்தியாலயா அடிப்பீங்க?”

தட்டின் பின்பக்கம் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பேன். அது அந்த ஆளுக்கு எப்படித் தெரியும் என்று இன்னும் கோபம் வந்தது.

மத்தியானத்துக்குமேல் மூன்றாவது இன்ஜெக்டர் முனகிக்கொண்டே வெளியே வந்தது. எனக்கு உயிர் வந்தது. அதற்குப்பின் நான் அவரை விடவில்லை. சீக்கிரம், சீக்கிரம் என்று முதுகுக்குப் பின்னாலேயே நின்றேன். குழிகளை டார்ச் அடித்துப் பார்த்தார், பிரஷ் விட்டுத் துடைத்தார், புதிய இன்ஜெக்டர்களை ஒவ்வொன்றாக இறக்கினார். சாயங்காலம் சாவியைத் திருப்பினார். வண்டி உடனே பிடித்துக்கொண்டது. உரல் சத்தம் இல்லை, புகை இல்லை. இந்த வண்டியிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. ஒரு நிமிஷம் ஓடியிருக்கும், அணைத்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஜெல் தலையையும் சென்டையும் மனசார மன்னித்தேன்.

பிறகு அவர் பழைய சாமான்களை எனக்குக் கொடுக்க வந்தார். இது ஷெட்களின் வழக்கம். மாற்றினேன் என்று மெக்கானிக் சொன்னால் போதாது, கழற்றியதை வண்டிக்காரர் கண்ணில் காட்டி, பையில் போட்டுக் கையில் கொடுக்கவேண்டும். பாதிப் பேர் அள்ளிப் போட்டு நீட்டுவார்கள். க்ளென் ஒரு பேப்பரை விரித்து, கடை பரப்புவதுபோல் வரிசையாக அடுக்கினார். நான்கு பழைய இன்ஜெக்டர். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு செம்பு வாஷர். குழியின் அடியில் இந்த வாஷர்மேல்தான் இன்ஜெக்டர் உட்காரும், உள்ளேயிருக்கும் நெருப்பு மேலே வராமல் அதுதான் தடுக்கும். மூன்று வாஷரை வைத்தார். நான்காவதை வைக்கக் கை போனது, அங்கே ஒன்றும் இல்லை.

அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். தட்டில் தேடினார், வண்டிக்கு அடியில் படுத்துத் தேடினார். இரும்பாக இருந்தால் காந்தம் போட்டு எடுத்துவிடலாம், செம்பு காந்தத்துக்கு வராது. கையாலேயே தரை முழுவதும் துழாவினார். பிறகு ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து இன்ஜெக்டர் தலைகளின்மேல் படுக்க வைத்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். மூன்றாவது மட்டும் நகத்தின் கனம் உயர்ந்து நின்றது. பழைய வாஷர் கரியோடு கரியாகக் குழிக்குள்ளேயே இருக்கிறது, அதன்மேல் புதிய வாஷர் உட்கார்ந்திருக்கிறது.

“இருந்தா இருந்துட்டுப் போவட்டும். வண்டிதான் ஓடுதே,” என்றேன்.

“இன்னைக்கு ஓடும்க்கா. நல்லா ஒருதரம் சூடேறி ஆறிச்சுன்னா ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கும். அப்புறம் சந்துல நெருப்பு கசியும், கரி ஏறும். அடுத்த தடவை இந்த இன்ஜெக்டரை ஆண்டவரே வந்தாலும் கழட்ட முடியாது. இன்ஜின் ஹெட்டே போயிடும். ஹெட்டு போனா இந்த வண்டிக்கு யாரும் செலவு பண்ணமாட்டாங்க, எடைக்குத்தான் போடுவீங்க.”

அது எப்போது என்று கேட்டேன். ஆறு மாசமோ ஒரு வருஷமோ என்றார். நினைத்துப் பாருங்கள். ஒரு வருஷம் கழித்து வண்டி நின்றிருந்தால் நான் அதன் வயசைத்தான் திட்டியிருப்பேன். அவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டார்கள். அந்த மூன்று வாஷரையும் பையில் அள்ளிப் போட்டுக் கையில் கொடுத்திருந்தால் எனக்கு எண்ணவும் தெரிந்திருக்காது. இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றுதான், என் மரத்தடி போகப்போகிறது. பழைய வாஷரைச் சுற்றியிருக்கும் கரி இரவு முழுவதும் எண்ணெயில் ஊறினால்தான் காலையில் அதை எடுக்க முடியும் என்று அவர் சொன்னபோது, சந்தே கேட்கும்படி கத்தினேன். உன் போர்டை இறக்கு, உன் படத்தை இறக்கு, நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா என்றெல்லாம் கத்தினேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது ஒரு கேள்வி கேட்டார்.

“அங்க போய் வண்டி என்னக்கா பண்ணும்?”

“என்ன பண்ணும்? நிக்கும்.”

“நிக்கிறதுக்கு இன்ஜின் எதுக்கு?”

வியாழக்கிழமை விடியும்போது க்ளென் தன் ஜீப்பில் என் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஓசூர் ரோட்டில் வந்தார். மூன்றாவது இன்ஜெக்டரைக் கழற்றி, குழியில் எண்ணெய் ஊற்றித் துணி அடைத்திருந்தார். நானும் சுப்ரமணியனும் அண்டாக்களோடு ஆட்டோவில் போய்ச் சேர்ந்தோம். சண்முகம் எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தார். மரத்தடியில் ஏறவில்லை, அதன் விளிம்பில் வண்டியை நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் வண்டி கயிற்றில் வருவதைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார். நாங்கள் அதை மரத்தடியில் தள்ளி நிறுத்தினோம். முதல் பஸ் வந்தது, பின்பக்கத்தில் நான் இட்லிப் பானையைத் திறந்தேன், முன்பக்கத்தில் க்ளென் பானெட்டைத் திறந்தார்.

கொஞ்ச நேரத்தில் ரங்கப்பா வந்தார். இழுத்து வந்த வண்டியைக் கட்டுப்பாட்டின்படி வந்த கணக்கில் சேர்க்க முடியுமா என்று சண்முகம் அவரிடம் மரியாதையாகக் கேட்டிருக்கிறார், கேட்கவும் நியாயம் உண்டு. ரங்கப்பா வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். போகிற வண்டி என்றால் போலீஸ் வந்தால் கிளம்பிவிடும், செத்த வண்டியை வாசலில் போட்டால் தன்னைத்தான் கேட்பார்கள், உடனே இழுத்துக்கொண்டு போ என்று கன்னடத்தில் சொன்னார். சண்முகம் என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் பேசினார். கேலி செய்திருந்தால் தேவலை.

“வயசான வண்டிக்கா. எவ்ளோ நாள்தான் இழுப்பீங்க? விட்டுடுங்க.”

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அடுத்த தட்டுக்குச் சாம்பார் ஊற்றினேன்.

க்ளென் பானெட்டிலிருந்து தலையை எடுத்தார். வண்டியின் முன்னாலிருந்து பின்னால்வரை நடந்து வந்து, வரிசைக்கும் ரங்கப்பாவுக்கும் நடுவில் நின்றார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, முதலில் கன்னடத்தில், பிறகு தமிழில் சொன்னார்.

“வண்டி சாகல சார். நேத்து சாயங்காலம் சூப்பரா ஓடிச்சு. பழைய வாஷர் ஒண்ணை உள்ள விட்டுட்டு மேல ஃபிட் பண்ணிட்டேன். தப்பு வண்டியோடது இல்ல, என்னுது. நான் எடுத்துக் குடுத்துட்டா அது தானே ஓடிப் போகும்.”

யாரோ ஒரு கம்பெனி பஸ் டிரைவர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். ஒருமுறை வந்தால் மறுமுறை வரவேண்டாமா என்று போர்டைச் சொல்லிச் சத்தமாகக் கேட்டார். வரிசை முழுக்கச் சிரித்தது. அவருடைய ஷெட்டுக்கு வண்டி அனுப்பக்கூடியவர்கள் அந்த வரிசையிலேயே எத்தனையோ பேர் இருந்தார்கள். க்ளென்னின் காது இரண்டும் சிவந்தன. பின்னால் நின்று இந்த அக்கா உயிரை வாங்கினாள், அந்த அவசரத்தில் தவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம், அது பொய்யும் இல்லை. என் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரங்கப்பாவின் பதிலுக்காக மட்டும் நின்றார்.

ரங்கப்பா மீசையை நீவினார். ஆபீஸ் ஆட்களுக்கான மணி அடித்ததும் வாசல் காலியாகவேண்டும், அப்போது இந்த வண்டி தன் சக்கரத்தில் தானே போனால் இடம் ஜானகியுடையது, அதாவது என்னுடையது, கயிறு கட்டி இழுத்தால் நாளை முதல் சண்முகத்துடையது என்றார். சண்முகம் சரி என்றார். நானும் சரி என்றேன், வேறென்ன சொல்வேன்?

பிறகு க்ளென் வேலை பார்த்த விதத்தைச் சொல்லவேண்டும். இன்ஜெக்டர் குழிக்குத் தூசிதான் எமன், அந்தச் சாலையில் லாரி போகும்போதெல்லாம் செம்மண் எழும்பும். என்னிடம் தண்ணீர் வாங்கி வண்டியின் முன்னால் தரையெல்லாம் தெளித்தார், மாட்டுப்பொங்கலுக்கு வாசல் தெளிப்பதுபோல் சுப்ரமணியனும் கூடச் சேர்ந்து தெளித்தார். பானெட்டுக்குமேல் என் தார்ப்பாயைக் கட்டினார். கொதிக்க வைத்துக் காயவைத்த என் இட்லித் துணியைக் கேட்டு வாங்கி இன்ஜினின்மேல் விரித்து, அந்த ஒரு குழி மட்டும் தெரியும்படி மடித்தார். லாரி வந்தால் குழியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, அது போகும்வரை குனிந்தபடியே நிற்பார். ஒவ்வொரு தடவை கை வைப்பதற்கு முன்னாலும் கழுவினார். அதற்கு அர்த்தம் இப்போதுதான் எனக்குப் புரிந்தது. அலட்டல் என்று நான் நினைத்ததெல்லாம் அந்தக் குழிக்கு அவர் கொடுத்த மரியாதை.

குழியின் அடியில் இன்ஜினுக்குள் போகும் துவாரத்தை கிரீஸால் அடைத்தார், துகள் விழுந்தால் அதில் ஒட்டிக்கொள்ள. மரை வெட்டும் ஒரு கம்பியை உள்ளே விட்டு, வாஷரின் ஓட்டைக்குள் அதைத் திருகினார். முழுத் திருப்பு ஒன்றும் கிடையாது, கால் திருப்பு, நிறுத்தம், கால் திருப்பு. கண்ணால் பார்த்துச் செய்கிற வேலை இல்லை அது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் கேட்டுக்கொண்டிருந்தார். நான் தட்டு வைத்து, சாம்பார் ஊற்றி, காசு வாங்கி, எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் மட்டும் திறக்கவில்லை. முந்தின நாள் கத்தியதற்கு அதைத்தான் பரிகாரமாகச் செய்ய முடிந்தது. சிரித்த பஸ் டிரைவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார். இன்னும் சிலர் போனார்கள். கம்பி மேலே வந்தபோது அதன் முனையில் கருப்பாக ஒரு வளையம் தொங்கியது. யாரும் கைதட்டவில்லை. பஸ் டிரைவர் மட்டும் மூச்சை விட்டார், அது எனக்குக் கேட்டது.

கிரீஸை உறிஞ்சி எடுத்து, குழியைத் துடைத்து, இன்ஜின் பிடித்துக்கொள்ளாமல் இருக்க மற்ற மூன்று இன்ஜெக்டரின் ஒயரையும் பிடுங்கிவிட்டு, என்னைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். திறந்த குழி புஸ்புஸ்ஸென்று மூச்சுவிட்டது, மிச்சம் மீதித் துகளும் வெளியே வந்துவிட்டது. இனி புதிய வாஷர் வைக்கவேண்டும். ஒரு தடவை நசுங்கிய செம்பு இறுகிவிடும், மறுபடி சரியாக உட்காராது, புதிது வாங்க சாமான் கடை திறக்கப் பத்து மணி ஆகும். மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. க்ளென் வண்டியின் பின்னால் வந்து என் அடுப்பைப் பார்த்தார். நான் தோசைக்கல்லை இறக்கினேன். நேற்றுப் போட்ட வாஷரை ஒரு கம்பியில் கோத்து என் பர்னர் தீயில் காட்டினார். அது செக்கச்செவேலென்று ஆனதும் டம்ளர் தண்ணீரில் போட்டார். சுர்ரென்றது. எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தார்.

“இப்ப பூ மாதிரி ஆயிடுச்சு,” என்றார், தனக்குத்தானே.

வாஷரை இறக்கி, இன்ஜெக்டரை இறக்கி, முறுக்கி முடித்து, ஒயர்களை மாட்டி, ஸ்கேலை வைத்துப் பார்த்தார். நான்கும் ஒரே மட்டம். ரங்கப்பா கேட்டருகே வந்து நின்றுவிட்டார். சண்முகம் அவர் பக்கத்தில். க்ளென் என்னை ஸ்டியரிங்கில் உட்காரச் சொன்னார்.

முதல் தடவை வெறுமனே சுற்றியது. இரண்டாவது தடவையும் அப்படியே. பைப்பில் காற்று இருக்கிறது, பதறவேண்டாம் என்று க்ளென் கையைக் காட்டினார். மணி அடித்தது. எனக்கு எங்கள் குலதெய்வத்திலிருந்து க்ளென் கழுத்துச் சிலுவைவரை எல்லாம் நினைவுக்கு வந்தன. மூன்றாவது தடவை ஒரு உதறல் உதறி, இருமி, பிடித்துக்கொண்டது. பிறகு நேற்றுச் சாயங்காலம் கேட்ட அந்தச் சத்தம். புகைக்குழாயைப் பார்க்க ஆட்கள் பின்னால் போனார்கள், பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

கியர் போட்டேன். நான் திரும்புவதற்கு வசதியாகச் சண்முகம் தன் வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். யாரும் கேட்காமல் தானாக எடுத்தார். சாலையின் கடைசிவரை போய், சுற்றிக்கொண்டு வந்து, கேட்டுக்கு முன்னால் மெதுவாக ஓட்டினேன். ரங்கப்பா கன்னடத்தில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார், “நாளே.” நாளைக்கு வா என்பதுதான். என் இடம் என்னிடமே இருந்தது.

சற்றுத் தள்ளி வண்டியை ஓரம்கட்டி இறங்கியபோது க்ளென் ஜீப்பின்மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. வெள்ளை டி-ஷர்ட்டில் மார்பிலிருந்து இடுப்புவரை கரி, ஜெல் போட்ட தலையில் செம்மண். பஸ் டிரைவர் அவரிடம் ஷெட்டுக்கு எந்தச் சந்து என்று கேட்டுக்கொண்டிருந்தார். நன்றி என்ற வார்த்தை என் வாய்க்குப் பழக்கமில்லாதது. ஒரு தட்டில் இட்லியும் வடையும் வைத்துக்கொண்டு போனேன்.

அவர் தட்டைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், தயங்கினார். செவ்வாய்க்கிழமை நான் குளிக்க வந்தாரா என்று கேட்டதை மறந்திருக்கவில்லை போலிருக்கிறது.

“அக்கா, கொஞ்சமா தண்ணி கிடைக்குமா? கை கழுவணும்.”

தட்டைச் சுப்ரமணியனிடம் கொடுத்துவிட்டு, குடிக்க வைத்திருந்த கேனைத் தூக்கிக்கொண்டு வந்தேன். சோப்பை எடுத்துக் கொடுத்தேன். அவர் விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று தேய்த்துக்கொண்டே இருந்தார், நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். போதும் என்று அவர்தான் சொல்லவேண்டியிருந்தது.